கழற்றிக்கொண்டு போகக்கூடிய கூரை

நோர்வேக்கு வந்து இத்தனை காலமாகியும் எனக்குப் பழகாத விஷயம் ஒன்று இருக்கிறது. பகல் சாப்பாட்டு வேளையில் வெயில் எறித்தால், என்னோடு வேலை செய்பவர்கள் எல்லோரும் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணை மூடி, முகத்தை வெயிலுக்குக் காட்டியபடி நிற்பார்கள். அப்படி நிற்பதற்கென்றே வீட்டுக்கு ஒரு சுவர் உண்டு. அதற்கு ‘சோல்வெக்’ என்று பெயர், வெயில் சுவர். வீடு வாங்க வருகிறவர்கள் குசினி எப்படி, அறை எத்தனை என்று கேட்கிற மாதிரி அந்தச் சுவரையும் விசாரிப்பார்கள். நான் புத்தளத்தில் வளர்ந்தவள். பஸ்ஸுக்கு நிற்கும்போது மின்கம்பத்தின் நிழல் விழுகிற அந்த ஒடுங்கிய கோட்டுக்குள் ஒருவர் பின்னால் ஒருவராக நிற்கிற சனம் நாங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாணையும் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு நான் நேரே நிழலுக்குத்தான் போனேன். என்னோடு ஒரே வான் வண்டியில் வேலைக்கு வருகிற ஓலா என்ற வாலிபன் இதைப் பார்த்துவிட்டு, இடம் கிடைக்காமல்தான் நான் ஒதுங்கி நிற்கிறேன் என்று நினைத்து, மற்றவர்களை நெருங்கி நிற்கச் சொல்லி, நடுச் சுவரில் எனக்கு இடம் பிடித்துத் தந்தான். மறுக்க மனம் வரவில்லை. போய் நின்றேன். அன்றிலிருந்து வெயில் வந்தால் அந்த இடத்தை எனக்கென்று விட்டுவைக்கிறார்கள். உண்மையை நான் இன்னும் சொல்லவில்லை.

இப்படி வெயிலைத் தேடிப்போகிற நாட்டில், கூரைமேல் சோலார் பெனல் பூட்டுவதுதான் என் தொழில். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது, மறைப்பானேன். வந்த புதிதில் அலுவலகங்களைத் துப்புரவு செய்தேன். பிறகு பாஷை படித்து, மின்சார வேலை பழகி, ‘பாக்பிரேவ்’ என்கிற தொழில் சான்றிதழை வாங்கினேன். முக்காட்டுக்கு மேல் ஹெல்மட் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறுகிற என்னைப் பார்த்து, வீட்டுக்காரர்கள் சிலர் வேலைக்காரர் எப்போது வருவார் என்று கேட்பதுண்டு. ஏறிவிட்டார் என்று மேலிருந்தே சொல்வேன். வேலை முடிந்ததும், இனி உங்கள் பிள்ளைகள் வளர்ந்து கலியாணம் கட்டும் வரைக்கும் இதை அசைக்கத் தேவையில்லை என்று சொல்லி விடைபெறுவது என் வழக்கம். அதைக் கேட்டால் இங்குள்ளவர்களின் முகம் மலர்ந்துவிடும். அசையாமல் ஓரிடத்தில் இருப்பதைப் போன்ற நல்ல செய்தி அவர்களுக்கு வேறில்லை.

அதே வார்த்தையை என் உம்மாவிடம் சொன்னபோது அவர் முகம் இருண்டுவிட்டது. அந்தக் கதையைத்தான் ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கும், என்னைப் போல் எங்கெங்கோ போய்க் குந்தியிருப்பவர்களுக்கும் சொல்ல வந்தேன்.

எங்கள் வீடு புத்தளம் களப்பின் உப்புநீர்க் கரையை ஒட்டிய ஒரு குடியிருப்பில் இருக்கிறது. அதை எங்கள் வீடு என்று சொல்ல வாப்பா ஒருநாளும் சம்மதித்ததில்லை. தொண்ணூறில், சண்டைக் காலத்தில், மன்னாரில் இருந்து முஸ்லிம்களான எங்கள் சனம் முழுவதையும் வெளியேற்றியபோது நான் கைக்குழந்தை. அந்த ஊரின் ஒரு கல்கூட எனக்கு ஞாபகமில்லை. முதலில் கிடுகுக் கொட்டில், பிறகு மண் சுவர், அதற்குப் பிறகு கல் வீடு என்று எங்கள் இருப்பு மெல்ல மெல்ல உயர்ந்தது. உப்பளத்தில் வேலை செய்த வாப்பா கூரைக்கு ஓடு போட மறுத்துவிட்டார். கனமான தகரம் வாங்கினார். தகரத்தின் ஓட்டைக்குள்ளால் இறங்கி, அடியில் மரச் சட்டத்தைக் கொழுவிப் பிடிக்கிற கொக்கி ஆணிகளால் அவற்றைப் பூட்டினார். மேலே இறுக்கியிருக்கிற சுரையைத் திருகினால் ஆணி கழன்றுவிடும். ஊருக்குத் திரும்பும் நாளில் லொறியில் ஏற்றிக்கொண்டு போய், அங்கே ஓட்டையோடு ஓட்டை பொருந்த அப்படியே பூட்டிவிட வேண்டும் என்பது அவர் திட்டம். வரிசை மாறிவிடக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு தகரத்தின் அடியிலும் பச்சைப் பெயின்ட்டால் இலக்கம் எழுதினார். மொத்தம் இருபத்து நான்கு. உப்புக் காற்றில் கறள் பிடித்து ஒன்றை மாற்ற வேண்டி வந்தால், பழைய தகரத்தின் இலக்கத்தையே புதியதிலும் எழுதுவார். நான் இலக்கம் எண்ணப் படித்தது பள்ளிக்கூடத்தில் அல்ல. பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துத்தான்.

வாப்பா ஒரு தென்னங்கன்றுகூட வைக்கவில்லை. காய்க்கும் வரைக்கும் இங்கே இருப்போம் என்று யார் சொன்னது என்பார். பக்கத்து வளவுகளில் எல்லாம் தென்னை ஓங்கி நிற்க, எங்கள் கூரை மட்டும் நிழல் விழாமல் பொட்டல் வெயிலில் கிடந்தது. சண்டை முடிந்து, பாதை திறந்து, வாப்பா ஒருமுறை மன்னாருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். காணியில் பற்றை மண்டிக் கிடக்கிறது, துப்புரவாக்க வேண்டும் என்று சொன்னார். துப்புரவாக்கவும் செய்தார். ஆனால் வீடு கட்டி முடிக்க அவருக்கு ஆயுள் இருக்கவில்லை. புத்தளத்து மண்ணிலேயே அவரை அடக்கினோம்.

போன வருட விடுமுறையில் நான் ஊருக்குப் போனது உம்மாவின் வீட்டுக்குச் சோலார் பூட்டும் எண்ணத்தோடுதான். உம்மாவுக்குச் சீனி வருத்தம். அவருடைய இன்சுலின் மட்டுமல்ல, ஒழுங்கையில் குளிர்சாதனப் பெட்டி இல்லாத மற்றப் பெண்களின் இன்சுலினும் எங்கள் வீட்டில்தான் இருக்கும், அவரவர் பெயர் ஒட்டிய சின்னப் போத்தல்களாக. மின்வெட்டு நீண்ட நாட்களில் உம்மா அவற்றை மண் பானைக்குள் ஈரமணல் போட்டுப் புதைத்து வைத்துக்கொண்டு, மணிக்கொருதரம் தொட்டுப் பார்த்தபடி இருந்ததாகச் சொன்னார்கள். ஊர் ஊராகக் கூரையில் வெளிச்சம் பிடித்துக் கொடுக்கிறவளின் உம்மா பானைக்குள் கைவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதா என்று எனக்குப் பொறுக்கவில்லை. பற்றரியோடு சேர்த்துப் பூட்டிவிட்டால் மின்சாரம் போனாலும் பெட்டி ஓடும்.

மதுரங்குளியில் சோலார் கடை வைத்திருக்கிற ரியாஸ் என்பவர் கூரையைப் பார்க்க வந்தார். மரியாதையான மனிதர். என்னிடம் பேச வேண்டியதை எல்லாம் துணைக்கு வந்து நின்ற அடுத்த வீட்டு மாமாவைப் பார்த்தே பேசினார். நான் ஏணியை வைத்து ஏறி, சட்டங்களைத் தட்டிப் பார்த்து, பெனலைத் தாங்குகிற அலுமினியத் தண்டவாளம் எங்கே வரவேண்டும் என்று சோக்கட்டியால் கோடு போட்ட பிறகு என்னைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். அந்தத் தண்டவாளத்துக்கு ஒழுங்கான இடைவெளியில் தகரத்தில் ஓட்டை போட்டு, அடிச் சட்டத்தோடு இறுக்க வேண்டும். அது எங்கும் உள்ள முறை. நான் துளைபோடும் மெஷினைக் கையில் எடுத்தேன். கீழே நின்ற உம்மா இறங்கச் சொன்னார்.

மகள் கூரையில் நிற்கிறாளே, ஒழுங்கையில் நாலு பேர் பார்க்கிறார்களே என்று கூச்சப்படுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அது இல்லை. அவர் நான் போட்ட கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“புதுசா ஓட்டை போட்ட தகரத்த எந்த ஊருக்குப் புள்ள கொண்டு போற?” என்று கேட்டார்.

இது எத்தனை வருடம் இருக்கும், எவ்வளவு உறுதியானது என்று நோர்வேக்காரரிடம் சொல்வதையெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் இன்னும் சுருங்கியது. எனக்குக் கோபம் சட்டென்று வரும், ஊரே அறிந்த விஷயம் அது.

“வாப்பாவ அடக்கினதே இந்த ஊர்லதானே உம்மா, இன்னும் யார் போறதுக்கு?” என்றேன்.

உம்மா உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, ரியாஸுக்குத் தேத்தண்ணி ஊற்றினார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ரியாஸ் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, முடிவெடுத்தபின் போனில் கோல் எடுங்கள் என்று சொல்லி நழுவிவிட்டார். உம்மா சம்மதிக்காமல் அந்தக் கூரையில் ஒரு ஆணிகூட இறக்க என்னால் முடியாது. அவர் மன்னாருக்குத் திரும்பிப் போவார் என்று நான் நம்பவில்லை. அவரும் நம்பினாரோ தெரியாது. ஆனால் போகலாம் என்கிற ஒரு வழியை வாப்பா திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அதை அடைக்கிற ஆளாக நான் வந்து நிற்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

அன்று லுஹர் தொழுகைக்குப் பிறகு, சின்ன வயதில் கிடந்த அதே இடத்தில் பாயைப் போட்டு மல்லாந்து கிடந்தேன். உச்சி வெயில். பதினேழாம் இலக்கத் தகரத்தில் ஒரு கொக்கி ஆணியின் சுரை தளர்ந்து, அந்த ஓட்டையால் ஒரு சொட்டு வெளிச்சம் என் கையில் விழுந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வாப்பா போட்ட ஓட்டைகள் இருக்கின்றனவே! அவருடைய ஆணியைக் கழற்றிவிட்டு, அதே ஓட்டைக்குள் அதைவிட உறுதியான, உயரமான கொக்கி ஆணியைப் போட்டால் தகரத்தையும் பிடிக்கும், மேலே தண்டவாளத்தையும் தாங்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாப்பா சட்டம் கிடந்த கிடைக்கு ஓட்டை போட்டவர், அவருடைய இடைவெளி ஒன்றுக்கொன்று ஒத்துவராது. தண்டவாளத்தை அங்கங்கே வெட்டி இணைக்க வேண்டும், வேலை இரட்டிப்பாகும். ஆகட்டும் என்று முடிவெடுத்தேன். நான் கற்ற தொழிலை இதற்குக்கூடப் பயன்படுத்தாவிட்டால் பிறகு எதற்கு அது?

உம்மாவிடம் விளக்கினேன். ஒரு புது ஓட்டையும் இல்லை என்றேன். அவர் சந்தேகத்தோடு ஒன்றே ஒன்று கேட்டார்.

“அப்ப இதையும் கழட்டலாமா?”

அசைக்கவே தேவையில்லை என்று நாடெல்லாம் வாக்குக் கொடுத்துத் திரிகிறவள், வாழ்க்கையில் முதல் தடவையாக மறுபக்கத்தைச் சொன்னேன்.

“ஓம் உம்மா, ஒரே நாளில கழட்டலாம்.”

உம்மா தலையாட்டினார். மதுரங்குளிச் சந்தியில் உள்ள ஒரு பட்டறையில், கறள் பிடிக்காத இரும்பில் என் அளவுக்குக் கொக்கி ஆணிகள் செய்வித்தோம். நானும் ரியாஸும் அவருடைய ஆட்களும் ஏறி வேலையைத் தொடங்கினோம். ஒவ்வொரு ஓட்டையிலும் வாப்பாவின் ஆணியைக் கழற்றி என் ஆணியை இறக்கும்போது, அவரும் நானும் ஒரே வேலையில் நிற்பது போல எனக்கு இருந்தது. ஒழுங்கையில் கூட்டம் கூடிவிட்டது. இறங்கச் சொன்ன அதே உம்மா இப்போது வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு, “மேல நிக்கிறது என்ட மகள்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். தெரிந்தவர்களிடமும் சொன்னார். தண்டவாளத்தைப் படம் பிடித்து ஓலாவுக்கு அனுப்பினேன். இடைவெளி ஏன் இப்படிக் கோணலாக இருக்கிறது என்று கேட்டு எழுதினான். வாப்பாவின் ஓட்டைகள், புதிதாக ஒன்றும் போடக்கூடாது என்று பதில் போட்டேன். மழை ஒழுக்கைப் பற்றி உங்கள் நாட்டுச் சட்டம் மிகவும் கடுமையானது போலும், நல்ல விஷயம் என்று பாராட்டி எழுதியிருந்தான்.

பெனலை மேலே தூக்குகிற நேரம். முதலாவதை ரியாஸின் ஆட்கள் ஏணியடிக்குக் கொண்டு வந்தபோது, உம்மா எழுந்து வந்து மறித்தார். அவர் கையில் ஒரு சின்னப் பெயின்ட் டின்னும் தூரிகையும் இருந்தன. பச்சை. எப்போது கடைக்குப் போய் வாங்கினார் என்று எனக்குத் தெரியாது. அதை என்னிடம் நீட்டினார்.

“இருபத்தஞ்சில இருந்து போடு” என்றார்.

ரியாஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடிப்பக்கத்தில் எழுதினால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று சிரித்தார். “கழட்டுறவனுக்கு விளங்கும்” என்றார் உம்மா. நான் நிலத்தில் முழங்காலிட்டு, ஒவ்வொரு பெனலின் அடிச் சட்டத்திலும் எழுதினேன். இருபத்தைந்தில் தொடங்கி முப்பத்து நான்கில் முடிந்தது. வாப்பா எழுதுகிற மாதிரியே ஏழுக்கு நடுவில் குறுக்குக் கோடு போட்டேன். அன்று பின்னேரம் மின்சாரத்தை நிறுத்திப் பரீட்சித்தோம். எங்கள் பெட்டியில் மருந்து வைத்திருந்த ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் குசினிக்குள் நெருங்கி நின்று பெட்டியின் இரைச்சலைக் கேட்டார்கள். நிற்கவில்லை, ஓடியது. உம்மா போய் அந்த மண் பானையைக் கவிழ்த்து, மணலை முற்றத்தில் கொட்டினார்.

விடுமுறை முடிந்து நோர்வே வந்தேன். இங்கே நானும் கணவரும் வாங்கிய வீட்டின் கூரை இன்னும் வெறுமையாகக் கிடந்தது. ஊரார் கூரைக்கெல்லாம் போட்டவள் தன் கூரையை மறந்துவிட்டாள் என்று கணவர் கேலி செய்வார். பனிக்காலம் வருமுன் போட்டுவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை ஓலாவை உதவிக்குக் கூப்பிட்டேன். முதல் பெனலைப் புரட்டி அவன் தன் பக்கத்தைத் தூக்கியபோது, சட்டத்தில் பச்சைப் பெயின்ட்டால் நான் எழுதியிருந்த முப்பத்தைந்தைக் கண்டான். மற்ற முப்பத்து நான்கும் எங்கே என்று கேட்டான்.

வீட்டில் என்றேன்.

அவன் குழப்பத்தோடு திரும்பி, நாங்கள் நின்றுகொண்டிருந்த என் வீட்டைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். பாரம் கையை இழுத்தது. நீ அந்த முனையைப் பிடி என்று சொல்லிவிட்டு நான் ஏணியில் கால் வைத்தேன்.