வெட்டுப்பட்ட இரண்டரை நிமிடம்

சப்டைட்டில் எழுதுகிறவரை யாரும் கவனிக்காமல் இருப்பதே இந்தத் தொழிலின் வெற்றி என்பார்கள். கூட எழுதுகிறவரை மட்டும் எல்லோரும் கவனித்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

பாதிக்குப் பாதி

பாரிஸின் லா சப்பலில் எங்கள் திரைப்பட வட்டம் பழைய பிரெஞ்சுப் படங்களைத் தமிழ் வரிகளோடு காட்டுகிறது. படங்கள் பேசத் தொடங்கிய புதிதில் வந்த ஒரு டாக்டர் படம் கிடைத்தது. முதல் பாதி, முப்பது வருடம் சிறுவர் பக்கம் எழுதிய எனக்கு. மறுபாதி, சென் தெனி ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்யும் செல்விக்கு. திரையிட்டபோது என் பாதியில் சனம் வடை தின்றது. அவள் பாதியில் வடைத் தட்டு அப்படியே இருந்தது. புதுச்சேரிக்காரர் ஒருவர் வந்து என் கையைக் குலுக்கினார்.

"உங்க பாதி ரொம்ப சுத்தம், முசியே. அந்தம்மா பாதியிலதான் அழுதுட்டேன்."

எந்த அகராதி?

பொறாமையை மறைத்துக்கொண்டு செல்வியிடம் எந்த அகராதி பார்க்கிறாள் என்று கேட்டேன். உங்களில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால், பதில் எவ்வளவு எரிச்சலூட்டும் என்று தெரியும்.

"அகராதியோ? வாட்டில எங்கட ஆக்கள் டொக்டருக்குச் சொல்லுறதைத்தான் போடுறன், அண்ணை."

இரண்டு தாள்கள்

பிறகு அதே படத்தின் புதிய பிரதி வந்தது. படம் வெளியான காலத்தில் தணிக்கைக்காரர் வெட்டிய காட்சி இதில் சேர்ந்திருந்தது. நாலு பிள்ளைகளின் தாய், ஐந்தாவது கருவைக் கலைக்கச் சொல்லி டாக்டரைக் கெஞ்சும் இரண்டரை நிமிடம். இருவரும் எழுதுங்கள், நல்லதைத் திரையில் போடுவோம், அடுத்த படம் முழுவதும் வென்றவருக்கே என்றார் வட்டத்தை நடத்தும் தவம்.

எனக்கு அது வேண்டும். செல்விக்குப் போகவே கூடாது. இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதினேன். சிறுவர் பக்கத்தில் 'கர்ப்பம்' என்ற சொல்லே வராது. கை அந்தப் பழக்கத்திலேயே போனது. தாய் கெஞ்சும் இடத்தில், 'எனக்கு உடம்பு சரியில்லை, டாக்டர். உதவுங்கள்.' இரண்டு வரி, வாசிக்க மூன்று வினாடி. அளவு கச்சிதம்.

தவம் இரண்டு தாள்களையும் பெயரில்லாமல் ரூ பெர்தொனே தெருவில் சேலைக்கடை வைத்திருக்கும் புஷ்பத்திடம் கொடுத்தார். அவர் முதலில் என் தாளை வாசித்தார்.

"அவவுக்கு என்ன, தடிமன் காய்ச்சலோ? உதுக்குப் போய் ஏன் வெட்டினவங்கள்?"

ஆறுதல் பரிசு

செல்வியின் தாளில் அந்தத் தாய், 'நாலு பெத்திட்டன். அஞ்சாவதுக்கு என்னட்டை உடம்பு மிச்சமில்லை' என்றாள். புஷ்பம் அதை இரண்டாம் முறையும் வாசித்துவிட்டு, வாடிக்கையாளரைக் காக்கவைத்து மூக்கைத் துடைத்தார். காட்சியும் அடுத்த படமும் செல்விக்குப் போயின. என் முகத்தைப் பார்த்த தவம் எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்.

"அண்ணை, எந்த வரி எப்ப வரவேணுமெண்டு நீங்கள் பாருங்கோ. அதில உங்களை மிஞ்ச ஆளில்லை."

திரையிட்ட அன்று, செல்வியின் வரி ஒன்றாவது பிந்தி வராதா என்று இரண்டரை நிமிடமும் ஆசையோடு காத்திருந்தேன். நேரம் பார்த்தவன் நானாகப் போனதால் ஒன்றுகூடப் பிந்தவில்லை.