எதற்கும் தயாரான வீடு

கொரோனாவுக்காக ஊரை மூடிய வருஷம் நாங்கள் கன்னடப் பக்கம், ஹெப்பகோடியில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். நான் பொம்மசந்திராவில் துணி தைக்கும் கம்பெனியில் வேலை பார்த்தேன். என் கணவர் அதே பக்கத்தில் ஒரு பட்டறையில் மெஷின் ஆபரேட்டர். ஒரே மகள், பி.யூ.சி., நம் ஊர் பிளஸ் டூ, படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கம்பெனியும் ஒரே நாளில் கதவைச் சாத்தின. கொஞ்ச நாளில் வீட்டில் அரிசி தீர்ந்தது.

பள்ளிக்கூட மைதானத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவர் போனார். வெயிலில் வெகுநேரம் வரிசையில் நின்றிருக்கிறார். அவர் முறை வந்ததும் பொட்டலம் கொடுத்த ஆள் அதைக் கையை விட்டு விடாமல், பக்கத்தில் இருந்தவனைப் போட்டோ எடுக்கச் சொன்னானாம். "கொஞ்சம் மேல தூக்கிப் புடிங்க. சிரிங்க சார்." அவர் தூக்கிப் பிடித்தார். சிரித்தார். வீட்டுக்கு வந்து பொட்டலங்களை எங்கள் முன்னால் வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் சாப்பிடவில்லை. நானும் மகளும் சாப்பிட்டோம். புளிசாதம், உப்பு தூக்கலாக இருந்தது. எங்களுக்கு அது ருசித்தது.

அந்தப் போட்டோ போனில் சுற்றிச் சுற்றி ஊரில் அவருடைய அண்ணன் கண்ணில் பட்டுவிட்டது. அண்ணன் போன் செய்தார். விசாரிக்கிறாரா குத்திக்காட்டுகிறாரா என்று சொல்ல முடியாத ஒரு பேச்சு. போனை வைத்த பிறகு என் கணவர் சொன்னார்: "இனிமே இந்த ஊட்ல யாரும் எவன்கிட்டயும் கை நீட்டக் கூடாது. ஒலகமே அழிஞ்சாலும் சரி."

அப்போது அந்த வார்த்தை எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

வேலை திரும்ப ஆரம்பித்ததும் அவர் முதலில் வாங்கி வந்தது ஒரு நீல டிரம். அப்புறம் இன்னொன்று. பிறகு காய்ந்த வேப்பிலை போட்ட அரிசி மூட்டைகள், விளக்கெண்ணெய் தடவிய பருப்பு, கேழ்வரகு, அவல், உப்பு, மெழுகுவத்தி, நைலான் கயிறு, மாத்திரை டப்பா. எங்கள் வீட்டில் ஒரு ஹால், ஒரு சமையலறை, ஒரு சின்ன அறை. சின்ன அறை மகளுடையது. முதலில் அவள் கட்டிலுக்கு அடியில் மூட்டைகள் போயின. பிறகு கட்டிலை விற்றார். அவள் புத்தகங்களோடு ஹாலுக்கு வந்து டி.வி. பக்கத்தில் பாயை விரித்துக்கொண்டாள். "ரூம்ல காத்தே வர்றதில்லம்மா, இங்கயே நல்லா இருக்கு" என்றாள்.

சேர்த்து வைத்ததை வீணாக்கக் கூடாது என்பதில் அவர் கறாராக இருந்தார். புது அரிசி அறைக்குள் போகும், பழைய அரிசி எங்கள் தட்டுக்கு வரும். அத்தனை வருஷமும் நாங்கள் வண்டு பொறுக்கிய அரிசியைத்தான் பொங்கித் தின்றோம். வராத பஞ்சத்துக்காக தினமும் கொஞ்சம் பஞ்சம் பார்த்தோம்.

சாமான் மட்டும் போதாது, மனசும் தயாராக வேண்டும் என்று அடுத்து ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமையைப் பழகுகிற நாள் என்று வைத்தார். அன்றைக்கு மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுவார். போன் கிடையாது. ஒரு வேளைக் கஞ்சி. மார்கழிக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டும். பசிக்கிறது, குளிருகிறது, வலிக்கிறது என்று யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். வருத்தமாகத் தலையை ஆட்டுவார். அதற்குக் கோபமே மேல்.

மகள் முதலில் சிரித்தாள். பிறகு அப்பாவைச் சந்தோஷப்படுத்த அதுதான் வழி என்று கண்டுகொண்டாள். ஒரு நாள் காலேஜுக்குப் போகும்போது தோழியின் ஸ்கூட்டரிலிருந்து விழுந்திருக்கிறாள். யாரிடமும் சொல்லாமல் எல்லா வகுப்பிலும் உட்கார்ந்துவிட்டு, சாயந்திரம் வந்து சப்பாத்திக்கு மாவு பிசைய உட்கார்ந்தாள். ஒரு கையாலேயே பிசைகிறாளே என்று பார்த்தேன். இன்னொரு மணிக்கட்டு பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது.

"ஏண்டி வாயத் தொறக்கல?" என்று கத்தினேன்.

"தாங்க முடிஞ்சுதும்மா" என்றாள்.

எலும்பு விரிசல் விட்டிருந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவளை அவள் அப்பா தோளில் தட்டி, "இதுதாண்டா என் பொண்ணு" என்றார். அவள் முகம் மலர்ந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

சாமியையும் அவர் விட்டுவைக்கவில்லை. விளக்கு வைத்ததும் மூன்று பேரும் முருகன் படத்துக்கு முன்னால் உட்கார வேண்டும். கண்ணை மூடச் சொல்வார். "வேல போயிடுச்சின்னு நெனச்சிக்கோ. ஊடு போயிடுச்சி. நான் போயிட்டேன். மனசு நடுங்குதா பாரு. நடுங்கக் கூடாது." கொஞ்ச நேரம் அப்படியே இருக்க வேண்டும். கடைசியில் எல்லோரும் சேர்ந்து, "முருகா, எது வந்தாலும் தாங்கற மனச குடு" என்று சொல்லித் திருநீறு இட்டுக்கொள்வோம். நான் வாய்க்குள் மட்டும் வேறு ஒன்றைச் சொல்வேன்: எதுவும் வராம பாத்துக்கோப்பா.

போர்வெல் எல்லாம் வற்றி ஊரே தண்ணீருக்கு அலைந்த கோடை வந்தது. எங்கள் தெருவுக்கு டேங்கர் வருவது அபூர்வம், வந்தால் அடிதடி. எங்கள் வீட்டில் மட்டும் டிரம் டிரம்மாகத் தண்ணீர். அந்த நாட்களில் அவர் நடையே மாறியிருந்தது. மாடியில் குடியிருந்த கன்னடப் பெண் ஒரு நாள் காலையில் குடத்தோடு வந்து நின்றாள். இடுப்பில் காய்ச்சல்காரக் குழந்தை.

"அக்கா, ஒந்து கொட நீரு கொடி" என்றாள். ஒரு குடம் தண்ணீர்.

நான் குடத்தை வாங்கக் கை நீட்டினேன். அவர் எனக்கு முன்னால் வந்து நின்று, "நமகே இல்லா" என்றார். எங்களுக்கே இல்லையாம். அவர் முதுகுக்குப் பின்னால் மூன்று டிரம்கள் தெரிந்தன. அவள் டிரம்களைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள், போய்விட்டாள்.

"கொழந்தைக்குக் காச்சல்ங்க. ஒரு கொடம் தான" என்றேன்.

"ஒருத்திக்குக் குடுத்தா தெருவே வந்து நிக்கும். நம்ம வேளைல எவன் குடுத்தான் நமக்கு?"

"குடுத்தாங்களே. அந்தப் பொட்டலம்?"

"அதத்தான் சொல்றேன்" என்றார்.

அவர் ஷிப்டுக்குப் போனதும் ஒரு குடத்தை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவள் கதவைப் பாதி திறந்து, "பேடக்கா" என்று மட்டும் சொன்னாள். வேண்டாமாம். தளும்பத் தளும்ப அதே குடத்தோடு படி இறங்கினேன். அதற்குப் பிறகு மாடிப்படியில் எதிரே வந்தாலும் அவள் என்னோடு பேசவில்லை.

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அவர்தான். ஆனேக்கலில் ஒரு தமிழ்க் குடும்பம். சொந்த வீடு, சொந்தக் கிணறு, பின்னால் கொஞ்சம் ராகி நிலம். பையனுக்குக் கம்பெனி வேலை. பெண் பார்த்துவிட்டு அவர்கள் போன பிறகு இவர் பையனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிணற்றைப் பற்றிப் பேசினார். "கடுங்கோடைலயும் தண்ணி இருந்துதாம். எது வந்தாலும் அந்த ஊடு தாங்கும்." மகளிடம் கேட்டோம். "சரிப்பா" என்றாள். அவள் வேறு எப்படிச் சொல்வாள்?

ஆனேக்கல் பஸ்ஸில் போனால் எட்டிவிடும் தூரம்தான். ஆனாலும் அவள் வருவது குறைந்துகொண்டே போனது. போன் செய்தால், "நல்லா இருக்கம்மா" என்பாள். குரலில் ஒரு சின்ன நடுக்கம் கூட இருக்காது. நான் ஒரு முறை போய்ப் பார்த்தேன். மாமியார் காபி கொடுத்தார். மாப்பிள்ளை மரியாதையாக எழுந்து நின்றார். மகள் மட்டும் நான் எது பேசினாலும் தலையை ஒரு பக்கமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டாள். கல்யாணம் ஆனதும் வந்த ஒரு தினுசு என்று நினைத்துக்கொண்டேன்.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் வந்தாள். எனக்கு அன்று வாரவிடுமுறை, அவர் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கி அப்போதுதான் எழுந்திருந்தார். அவள் நனைந்துபோய், செருப்பில்லாமல், வாசலில் நின்றாள். உதடு கிழிந்திருந்தது. கையில் ஒரு பை கூட இல்லை.

அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "நீ வர்றத யார்னா பாத்தாங்களா?"

அவள் தலையைத் திருப்பி, "இன்னாப்பா?" என்றாள். அவர் திரும்பக் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவளுக்கு ஒரு காது கேட்கவில்லை. நான் அவளை உள்ளே இழுத்து உட்கார வைத்துத் தலையைத் துவட்டினேன். துண்டு அந்தக் காதில் பட்டதும் அவள் உடம்பு துள்ளியது. வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"எத்தினி நாளாடி இது?"

"கல்யாணம் ஆன ரெண்டாவது மாசத்துலருந்தும்மா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அவள் பதில் சொல்வதற்குள் அவர் பேசினார். கத்தவில்லை. விளக்கு வைத்த பிறகு பேசுவாரே, அதே நிதானமான குரல். "புருசன் பொண்டாட்டின்னா நாலும்தான் இருக்கும். இதுக்கெல்லாம் மனச தயார் பண்ணிக்கணும்னுதான இத்தினி வருசமா சொல்லிக் குடுத்தேன்?"

அவள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். "தயாராத்தாம்ப்பா இருந்தேன். அதனாலதான் வர்றதுக்கு இவ்ளோ நாள் ஆச்சு."

அவருக்கு அது புரிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "சரி, இன்னிக்கி இருக்கட்டும். ஆனா எங்க படுப்பா? எடம் எங்க இருக்கு?" என்றார்.

நான் எழுந்து சின்ன அறைக் கதவைத் தள்ளினேன். முழுதாகத் திறக்கவில்லை, உள்ளே மூட்டை தடுத்தது. ஒருக்களித்து நுழைந்து ஒரு மூட்டையைப் பிடித்து ஹாலுக்கு இழுத்தேன். இரண்டாவதை இழுக்கும்போது அவர் வந்து அதன்மேல் கையை வைத்தார்.

"இத வெளில வெச்சா எலி வரும்" என்றார்.

நான் மூட்டையை விட்டுவிட்டேன். அவரோடு சண்டை போடக்கூட எனக்குத் தோன்றவில்லை. பொட்டலம் வாங்கிய நாளிலிருந்து ஐந்தாறு வருஷம் ஒரு ஆளைப் பார்த்துக்கொண்டே இருந்து, ஒரு நொடியில் அவர் யார் என்று தெரிந்துபோனால் சண்டைக்கு என்ன இருக்கிறது? அந்த வரிசையில் நின்று சிரித்த மனுஷனுக்காக எத்தனையோ நாள் உள்ளுக்குள் அழுதிருக்கிறேன். அந்த அழுகை அங்கேயே வற்றியது. இரண்டு புடவை, மகளின் சான்றிதழ்கள் எடுத்துக்கொண்டேன், என் செருப்பில் ஒரு ஜோடி அவளுக்கு. ஆட்டோ பிடித்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவர் வாசல்வரை வந்தார். "எங்க போறீங்க? நாலு பேர் கேட்டா நான் இன்னா சொல்லட்டும்?" என்றார்.

மாப்பிள்ளை அறைந்ததில் காதுச் சவ்வு கிழிந்து, கவனிக்காமல் விட்டதால் சீழ் வைத்திருந்தது. டாக்டரம்மா அவளிடம், "இவ்வளவு வலியோட எப்படிம்மா இருந்தே?" என்று கேட்டார். போலீசில் புகார் கொடுத்தோம். அது இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் சொல்வது ஒன்றுதான்: அடித்திருந்தால் அவள் ஒரு தடவையாவது சத்தம் போட்டிருக்க மாட்டாளா, அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டிருக்க மாட்டார்களா?

என்னோடு கம்பெனியில் பக்கத்து மெஷினில் தைக்கிறவள் தன் தெருவில் எங்களுக்கு ஒரு அறை பார்த்துக் கொடுத்தாள். தகரக் கூரை. தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். அரிசி தீரத் தீர வாங்குகிறோம். மகள் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலைக்குப் போகிறாள். காது பாதிதான் திரும்பியது.

அவள் அழுவதற்குப் பல மாதம் ஆனது. ஒரு சாயந்திரம் அடுப்பிலிருந்து பால் பொங்கி வழிந்து காலில் பட்டது. பெரிய காயம் இல்லை. உட்கார்ந்து "அய்யோ அய்யோ" என்று கத்த ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடி வந்து கதவைத் தட்டினார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பப் பழக்க தோஷத்தில் என் வாய் திறந்தது. அதற்குள் அவள், "ரொம்ப எரியுதுக்கா, உள்ள வாங்க" என்றாள். நான் கதவை விட்டு விலகி நின்றேன்.

அதற்கு முன்பே, அதே மழைக்காலத்தில், அவர் ஒரு முறை வந்தார், வீட்டுக்கு அல்ல, என் கம்பெனி கேட்டுக்கு. ஷிப்ட் விட்டுக் கூட்டமாக வெளியே வந்துகொண்டிருந்தோம். இளைத்திருந்தார். சட்டையில் ஒரு பித்தான் இல்லை.

"தனியா இருக்கறது ஒரு மாதிரி இருக்குது" என்றார். "ரெண்டு பேரும் ஊட்டுக்கு வந்துடுங்க."

"அந்த ரூம காலி பண்ணிட்டீங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார், அது முகத்தில் தெரிந்தது. பிறகு சொன்னார்: "இந்த மழ முடியட்டும். அப்பறம் பாக்கலாம்."

என் பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன். அந்த மழை முடிந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது.