சுவானின் முரசுக்குச் சோறு

சுவானைப் பத்திக் கேட்டா ஊர்ல எல்லாரும் நல்லதாத்தான் சொல்லுவாங்க. என்கிட்ட கேட்டா உள்ளதைச் சொல்லுவேன். எனக்கு அவனைக் கண்டா ஆகாது. முப்பது வருஷமா ஆகாது.

என்னைவிட ரெண்டு வயசு சின்னவன். இங்க மலாய் நாட்டு வடக்கு எல்லையோரம், தும்பாட் பக்கத்து மணல்ல தர்பூசணி போடுறான். தட்டிப் பார்த்தே இது பழம், இது காய்னு சொல்லிடுவான், ஒரு தடவைகூடத் தப்பினதில்ல. அந்தக் காதை அவனுக்குக் கொடுத்த கடவுள் எனக்கு ரப்பர் பால் வெட்டுற கத்தியைத்தான் கொடுத்தான். அதுலயும் ஒரு நாள் கை வழுக்கி என் கட்டைவிரல் நகம் ரெண்டாப் பிளந்துச்சு. இன்னும் அப்படியேதான் இருக்கு.

பன்னிரண்டு வயசுல எங்க கோயில் முரசுக் குழுவுல சேர்ந்து நீள முரசைத் தோள்ல மாட்டினவன் நான். அவன் வந்தது இருபத்தஞ்சு வயசுல, யாரோ கையை ஒடிச்சுக்கிட்டதால ஆள் குறைஞ்சப்ப. ஒரே மாசத்துல அவன் முதல் வரிசை, நான் அவன் முதுகைப் பார்த்துக்கிட்டுப் பின்னாடி. என் பொண்டாட்டி யிம்கூட, "சுவான் அடிச்சா கால் நிக்க மாட்டேங்குதுய்யா"ன்னு என்கிட்டயே சொல்றா. வயிறு எரியாம என்ன செய்யும்?

போன வருஷம் பிக்குகளுக்குத் துவராடை கொடுக்குற திருவிழா. கோயிலுக்குப் பலாமரத்துல ஒரு புது முரசு வந்திருந்தது. ஊர்வலத்தைப் பார்த்துட்டு அதை யாருக்குக் கொடுக்குறதுன்னு சொல்றேன்னு பெரிய பிக்கு சொல்லிட்டார். எனக்கு அந்த முரசு வேணும். சாகுறதுக்குள்ள ஒரு தடவையாவது முன்னாடி நடக்கணும்.

எங்க முரசுக்குச் சோறு போட்டாத்தான் பேசும். வடிச்ச சோத்தைச் சாம்பலோட பிசைஞ்சு தோல் நடுவுல அப்புவோம். கூட அப்பினா சத்தம் கீழே இறங்கும், கொஞ்சம் எடுத்தா மேலே ஏறும். முன்னாடி போற முரசு எப்படிப் பேசுதோ, மத்த நாலும் அதுக்குத் தக்கபடிதான்.

காலையில சுவான் எல்லா முரசுக்கும் சோறு அப்பிட்டுச் சாப்பிடப் போனான். சுத்திலும் யாரும் இல்ல. அவன் முரசுலேர்ந்து பாதிச் சோத்தைக் கிள்ளி எடுத்தேன். மிச்சத்தைக் கட்டைவிரலால அமுக்கி விட்டேன். பாத்திரத்துல மீந்ததைக் கோழிக்குப் போட்டேன். இனிமே அவன் எதை எடுத்து அப்புவான்?

அவன் வந்தான். ஒரு தட்டுத் தட்டினான். முரசு கீச்சுன்னு கத்துச்சு. குனிஞ்சு தோலைப் பார்த்தான், காலிப் பாத்திரத்தைப் பார்த்தான். வாசல்ல கூட்டம் கிளம்பிடுச்சு. தொலைஞ்சான்னு நினைச்சேன்.

"எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் சோத்தை எடுங்கப்பா. என் முரசோட சேருற வரைக்கும் எடுங்க," அப்படின்னான்.

எடுத்தாங்க. நானும் எடுத்தேன், வேற வழி? என் கையாலயே என் முரசை அவனுக்கு ஏத்த மாதிரி ஆக்கினேன்.

அன்னைக்குக் கிளம்பின சத்தம் இருக்கே, பாவி, அப்படி ஒண்ணை நான் கேட்டதே இல்ல. லேசா, துள்ளிக்கிட்டு, ஆத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போச்சு. மலாய்க்காரங்க சைக்கிளை நிறுத்திட்டு நின்னாங்க. முட்டிவலின்னு அழுதுக்கிட்டிருந்த என் மாமியார் ஆடுறாங்க. பெரிய பிக்கு சிரிச்சுக்கிட்டே புது முரசைச் சுவான் தோள்ல மாட்டினார். "இந்த வருஷம் என்ன செஞ்சே?"ன்னு கேட்டார்.

"நான் ஒண்ணும் செய்யல சாமி," அப்படின்னான். அது உண்மைதான், செஞ்சது நான்னு சொல்ல எனக்குத்தான் வாய் இல்ல.

கூட்டம் கலைஞ்சதும் பழைய முரசைத் தூக்கிக்கிட்டு என்கிட்ட வந்தான். தோல்ல காஞ்சுபோயிருந்த சோத்தைக் காட்டினான். அமுக்கின தடம், நடுவுல பிளந்த நகம்.

"அண்ணே, இந்த ஊர்ல இப்படி ஒரு விரல்தான் இருக்கு."

கட்டைவிரலை உள்ளங்கைக்குள்ள மடக்கிக்கிட்டேன்.

"யாருக்கும் சொல்லல," அப்படின்னான். "ஆனா இனிமே என் முரசுக்கு நீங்கதான் சோறு அப்பணும். நான் இத்தனை வருஷமா அதிகமா அப்பிட்டிருந்திருக்கேன். உங்க கைக்குத்தான் அளவு தெரியுது."

அடிச்சிருந்தாக்கூடப் பொறுத்திருப்பேன்.

இந்த வருஷம் நான்தான் அப்பினேன். கெடுத்துடலாம்னு ஒவ்வொரு தடவையும் உக்கார்றேன். சத்தம் சரியா வர்ற வரைக்கும் கை நிக்க மாட்டேங்குது. அப்புறம் எந்திரிச்சு என் முரசை மாட்டிக்கிட்டு அவன் பின்னாடி போய் நிக்கிறேன்.