ஜெபமாலை நேரத்து இருமல்

ஏழாம் வகுப்பில் எங்களுக்குப் புதிதாக வந்த அறிவியல் டீச்சர், முதல் வேலையாகப் பாடப்புத்தகத்தை மூடி வைக்கச் சொன்னார். வீட்டில் தினமும் நடக்கிற ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் எண்ண வேண்டும். ஒரே நேரத்தில், ஒரே அளவு நேரத்துக்கு எண்ண வேண்டும். அதை அட்டையில் வரைபடமாகப் போட்டு, கீழே நம் முடிவை எழுத வேண்டும். நல்ல அட்டைகள் பள்ளிக் கண்காட்சியில் மாட்டப்படும். கண்காட்சியின் முதல் பரிசு, பிடி வைத்த பெரிய பூதக்கண்ணாடி. அதை டீச்சர் உயர்த்திக் காட்டியபோதே அது என்னுடையது என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

வகுப்பே எதை எண்ணுவது என்று அலைந்தது. ஒருத்தி கோழி முட்டையை எண்ணினாள். ஒருவன் சுரங்கத்துக்குப் போகும் ஷிப்ட் பஸ்களை எண்ணினான். இன்னொருவன் அம்மா தன்னைத் திட்டுவதை எண்ணப் போய், எண்ணியதற்காகவே கூடுதலாக நாலு திட்டு வாங்கினான். எனக்கு அந்தக் கஷ்டமே இல்லை. எங்கள் வீட்டில் தெரு முழுக்கக் கேட்கிற ஒன்று இருந்தது. அது அப்பாவின் இருமல்.

மந்தாரக்குப்பத்தில் ஓர் அறையும் சமையல்கட்டும் உள்ள வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வெல்டர். ஒன்பது வருஷம் காத்திருந்த பிறகு, அந்த வருஷம்தான் பர்மனென்ட் லிஸ்டில் அவர் பெயர் வந்திருந்தது. மெடிக்கல் என்கிற உடல் பரிசோதனை மட்டும் பாக்கி, அதுவும் அடுத்த மாதம். பர்மனென்ட் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் குவார்ட்டர்ஸ்தான். வீட்டுக்குள்ளேயே குழாய், பின்னால் கொய்யா மரம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே தினமும் ஒரே பேச்சுதான் ஓடியது.

"என்னாங்க, நாள் பூரா இருமிக்கினே இருக்கீங்க. டாக்டராண்ட போயிட்டு வந்துடலாம்."

"மெடிக்கல் முடியட்டும். இப்பப் போய் அவரு ஏதாவது எழுதி வெச்சார்னா, பேரு லிஸ்ட்ல நிக்குமா?"

தினமும் ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் ஜெபமாலை. மாதா படத்துக்கு முன்னால் மூன்று பேரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தால் அரை மணி நேரம் யாரும் அசையக் கூடாது. டீச்சர் சொன்ன ஒரே நேரம், ஒரே அளவு இரண்டும் இதில் அடக்கம். ஜெபப் புத்தகத்துக்குள் ஒரு தாளை வைத்துக்கொண்டு, இடது கையில் மணி உருட்டி, வலது கையால் ஒவ்வொரு இருமலுக்கும் ஒரு கோடு போட்டேன்.

"மாதாவுக்கு முன்னாடி என்னாடி கிறுக்கிக்கினு இருந்த?" என்றாள் அம்மா. பள்ளிக்கூட வேலை என்று விஷயத்தைச் சொன்னேன். அப்பாவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இதையும் சேத்துக்கோ பாப்பா."

"ஜெபம் முடிஞ்சிடுச்சிப்பா. இது கணக்குல வராது" என்றேன். அவ்வளவு கறார்.

முதல் நாள் பதினான்கு. அடுத்து பதினைந்து, பதிமூன்று. நாலாவது நாளிலிருந்து இறங்க ஆரம்பித்தது. பத்து, எட்டு, ஆறு என்று வந்து, இரண்டாவது வாரக் கடைசியில் இரண்டில் நின்றது. அந்த நாட்களில் அப்பா கொஞ்சம் மாறித்தான் இருந்தார். எப்போதும் அவர்தான் ஜெபத்தைத் தொடங்கி வைப்பார், அதை அம்மாவிடம் விட்டுவிட்டார். வாயில் ஒரு லவங்கத்தை அடக்கிக்கொண்டு முணுமுணுப்பார். ஜெபமாலையில் பத்துப் பத்து மணியாக ஐந்து சுற்று உண்டு; இரண்டாவது பத்து முடிந்ததும் அவருக்கு ஏதாவது ஞாபகம் வந்துவிடும். சைக்கிளைப் பூட்டவில்லை, வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று எழுந்து வெளியே போவார். நாலாவது பத்தின்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவார். ஒரே அளவு நேரம் என்றால் எண்ணுகிறவள் மட்டுமல்ல, இருமுகிறவரும் அங்கே இருக்க வேண்டும் என்பது என் அறிவியல் மூளைக்கு எட்டவில்லை.

வரைபடம் பார்க்கில் இருக்கும் சறுக்குமரம் போல வழவழவென்று இறங்கியது. அம்மாவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. எல்லாம் மாதாவின் அருள் என்று கோயிலில் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். டாக்டர் பேச்சு அதோடு நின்றது. நானும் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால், 'முடிவு: தினமும் ஜெபமாலை சொன்னால் இருமல் குறையும்' என்று அட்டையில் எழுதினேன். அப்பா அதை இரண்டு முறை படித்தார். "நல்லா எழுதியிருக்க பாப்பா" என்று மட்டும் சொன்னார்.

டீச்சர் அட்டையை வெகுநேரம் பார்த்தார்.

"நீ எண்ணுறது அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும் டீச்சர். பென்சில் சீவித் தர்றதே அவருதான்."

அப்பாவுக்குத் தெரியாமல் மூன்று நாள் எண்ணி, அதையும் இதிலேயே வரைந்து திங்கட்கிழமை கொண்டு வா, முதல் பரிசுக்கு உன் பெயரைத்தான் சொல்லப் போகிறேன் என்றார். எனக்கு அப்போதே பூதக்கண்ணாடி கையில் வந்துவிட்டது.

வீட்டில், பள்ளிக்கூட வேலை முடிந்தது, இனி எண்ண மாட்டேன் என்று அறிவித்தேன். அப்பாவின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அன்றைக்கே ஜெபத்தைத் தொடங்கி வைத்தார், எழுந்து வெளியே போகவும் இல்லை. பென்சில் எடுத்தால் தெரிந்துவிடும் என்று நான் குண்டூசியால் தாளில் துளை போட்டேன். பதினேழு. மறுநாள் பத்தொன்பது. அதற்கடுத்த நாள் பதினெட்டு. அப்பா வேண்டுமென்றே என் வரைபடத்தைக் கெடுப்பதாக எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் நெஞ்சைப் பற்றி ஒரு நொடி கூட நினைக்கவில்லை என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. திங்கட்கிழமைக்கு இரண்டு, ஒன்று, ஒன்று என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்று தீர்மானித்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா ஜெபப் புத்தகத்தைத் திறந்தபோது துளைத் தாள் கீழே விழுந்தது. அதை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, இது என்ன என்று கேட்டாள். மாதாவுக்கு முன்னால் பொய் சொல்லப் பயந்து உண்மையைச் சொன்னேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஜெபத்தை ஆரம்பித்தாள்.

மறுநாள் பூசை முடிந்து கோயிலிலிருந்து நேராக டாக்டரிடம் போனோம். என் அட்டையையும் அம்மா எடுத்து வந்திருந்தாள். "லேசான இருமல்தாங்க, கொறைஞ்சிடுச்சி" என்றார் அப்பா. அம்மா அட்டையையும் துளைத் தாளையும் மேஜை மேல் வைத்து, நான் என்ன செய்தேன் என்பதைச் சொன்னாள். டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. என்னைப் பக்கத்தில் அழைத்தார்.

"ரெண்டுல எதும்மா சரி?"

அங்கே மாதா படம் இல்லை.

"அட்டையில இருக்கறதுதான் சார். துளை போட்டது சும்மா வெளையாட்டுக்கு" என்றேன்.

அம்மா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். டாக்டர் தலையாட்டிவிட்டு, சிரப் எழுதித் தருகிறேன் என்று சீட்டை இழுத்தார். அப்பாவுக்கு வேண்டியது அதுதான். அந்தச் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லைங்க, ஓட்டை போட்டதுதான் சரி" என்றார். "அது எண்ணறப்பல்லாம் நான் அடக்கிக்கினு இருந்தேன். முடியலன்னா வெளிய போய் இருமிட்டு வருவேன். கொழந்த மேல தப்பு இல்லைங்க."

சொல்லி முடித்ததும் மேஜையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருமினார். பழக்க தோஷத்தில் நான் பதினொன்று வரை எண்ணினேன். டாக்டர் சீட்டைத் தள்ளி வைத்துவிட்டு, நெஞ்சைப் படம் எடுக்க வேண்டும், சளியைச் சோதிக்க வேண்டும் என்று எழுதினார். காசநோய் என்று தெரிந்தது. விடாமல் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு நன்றாகக் குணமாகிவிட்டார். இன்றைக்கு எழுபதைத் தாண்டியும் ஜெபமாலையில் அவர் குரல்தான் ஓங்கிக் கேட்கிறது. ஆனால் அந்த மாதத்து மெடிக்கலுக்கு அவர் போகவில்லை. அடுத்த லிஸ்ட் வந்தபோது வயது தாண்டிவிட்டது. வேலையை விடும் வரைக்கும் கான்ட்ராக்ட் வெல்டராகத்தான் இருந்தார்.

டாக்டரிடம் போய் வந்த அன்று சாயங்காலமே அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, அட்டையில் உண்மையான எண்களைப் போட வைத்தார். இறங்கிக்கொண்டிருந்த கோடு கடைசியில் எகிறி நின்றது. அழுதுகொண்டே என் முடிவை அடித்தேன். 'எண்ணுவது தெரிந்தால் அப்பா இரும மாட்டார்' என்று கீழே எழுதினேன். டீச்சருக்கு அது ரொம்பப் பிடித்து நடு இடத்தில் மாட்டினார். ஆனால் பரிசு கொடுக்க வந்தவர், வேறு வகுப்பில் சமையல் சோடாவில் எரிமலை செய்து காட்டியவனின் நுரையைப் பார்த்து மயங்கி, பூதக்கண்ணாடியை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் அப்பாவோடு பேசுவதை நிறுத்தினேன். அவர் டாக்டரிடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கண்ணாடி எனக்கு வந்திருக்கும் என்பதுதான் என் கட்சி. ஒரு வாரம் கழித்து, ஒருநாள் காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அவர் வேலைக்குப் போகாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். லிஸ்டில் இருந்த மற்றவர்கள் வெள்ளைச் சட்டையும் கையில் ஃபைலுமாகத் தெருவில் பேசிக்கொண்டே போனார்கள். அவர்கள் தெருமுனையில் திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சாப்ட்டியா பாப்பா?" என்று கேட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு படியைத் தாண்டி இறங்கினேன். என்னைச் சமாதானம் செய்வதற்காகத்தான் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.