அண்ணி கழுவிய பனிக்கண்டத்துக் கல்

எங்கள் வீட்டுக்குள் சாம்பல் நிறத்தில் எது நுழைந்தாலும் அண்ணி அதைத் துடைத்துவிடுவாள். எண்ணூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து காற்று திரும்பினால் ஜன்னல் விளிம்பு, மீன் கூடை, காயப்போட்ட துணி எல்லாம் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். மாடிப்படியில் உட்கார்ந்திருந்த என்னையே ஒருமுறை ஈரத்துணியால் தட்டிவிட்டுத்தான் உள்ளே விட்டாள். இதெல்லாம் தெரிந்திருந்தும் அந்தக் கல்லைச் சமையலறை மேடையில் வைத்தவள் நான்தான்.

நான் பாறை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். அந்தக் கல், எங்கள் தலைவி தென்துருவப் பனிக்கண்டத்துக்குப் போய் வெட்டியெடுத்து வந்தது. இப்போது பனி மூடிக் கிடக்கும் அந்த இடத்தில் ஒருகாலத்தில் கடல் இருந்தது. பக்கத்தில் எரிமலை வெடித்தது. சாம்பலும் துண்டுகளும் தண்ணீரில் விழுந்து, அடுக்கடுக்காகப் படிந்து, பாறையாக இறுகின. திங்கட்கிழமை அந்த அடுக்குகளை நான் சரியாக வாசித்துச் சொன்னால், அடுத்த கப்பல் பயணத்தில் எனக்கு இடம் கிடைக்கலாம். கல்லை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாதுதான். ஆனால் மீன் விற்கும் குடும்பத்தில் கல் படித்தவள் நான் ஒருத்தி. காட்டிப் பீற்றிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்தபோது, கழுவிய பாத்திரங்களோடு கல்லும் கவிழ்ந்து கிடந்தது.

"இன்னா அண்ணி பண்ண?"

"ஒரே சாம்பலா இருந்துச்சு. தூள் போட்டு நார்ல தேச்சேன். எவனோ மையில கிறுக்கி வேற வச்சிருந்தான், அதுவும் பூட்ச்சு."

அந்தக் கிறுக்கல் ஓர் அம்புக்குறி. வெட்டியெடுத்த இடத்தில் கல்லின் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று காட்டத் தலைவி தன் கையால் போட்டது. அது இல்லாவிட்டால் கடலே தலைகீழாகிவிடும். அவரிடம் கேட்டால் குறிப்பேட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவார். கல் எங்கே போயிருந்தது என்பதும் தெரிந்துவிடும்.

நானே வரைந்துவிடுவதென்று பேனாவை எடுத்தேன். கல்லின் ஒரு முனையில் கரும்பொடி, மறுமுனையில் பெரிய வெள்ளைத் துண்டுகள். பெரியது முதலில் அடியில் இறங்கும், பொடி பிறகு மேலே படியும். முதலாண்டுப் பாடம். வெள்ளைத் துண்டுகளைக் கீழே வைத்து அம்பு போட்டேன்.

அண்ணி ஈரக்கையோடு எட்டிப் பார்த்தாள். "இன்னாது இது, வெள்ளையா ஓட்ட ஓட்டையா? நம்ம காலு தேக்கிற கல்லு மாதிரியே கீது."

"அதே கல்லுதான். எரிமலை நுரை."

"தண்ணில உழுந்துச்சுன்ற. அப்ப அது எப்டி மொதல்ல அடிக்குப் போவும்? நம்ம கல்லு பக்கெட்ல மெதந்துகினுதான கீது. நல்லா ஊறினாத்தான் முழுவும்."

இதைப் பற்றித் தேர்வில் இரண்டு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். கனமான கரும்பொடிதான் முதலில் இறங்கும். நுரைக்கல் மிதந்து, ஊறி, கடைசியில் வந்து மேலே படியும். அம்பை அழித்துத் திருப்பிப் போட்டேன். அழிக்க அவளிடமே நார் வாங்கினேன்.

திங்கட்கிழமை நான் வாசித்து முடித்ததும், "நுரைக்கல்லைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். பலரும் ஏமாறுவது அங்கேதான்" என்றார் தலைவி. அதோடு விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. பிடித்தது என் அண்ணி என்றேன். பின்னாலேயே நார், தூள், சமையலறை மேடை எல்லாம் வெளியே வந்துவிட்டன. அவர் சிரிக்கவில்லை. குறிப்பேட்டைத் திறந்து, அதிலிருந்த படத்தோடு என் அம்பை ஒப்பிட்டுப் பார்த்தார்.

"திசை சரி. கப்பலில் உங்களுக்கு இடம் உண்டு. இனி ஒரு கல்லும் உங்கள் வீட்டுக்கு வரக் கூடாது."

ஓடிவந்து சொன்னேன். அண்ணி ஜன்னல் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னதச் சொன்னியா?"

"சொன்னேன்."

"அப்ப எனக்கு எடம் தர்லியா?" என்று கேட்டு அவளே சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது, வரவில்லை. அவள் துணியை வாளியில் பிழிந்தாள்.

"சர்தான், போய்ட்டு வா. இங்க உழுற சாம்பல நான் பாத்துக்கிறேன்."