லெவலில் கோளாறு இல்லை

அந்த லெவல் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று நான் கர்த்தரை வேண்டினேன். மூணாறுப் பக்கத்து எஸ்டேட் வொர்க்‌ஷாப்பில் இருபது வருஷமாகக் கருவிகளைப் பழுதுபார்க்கிறவன் நான். இப்படி வேண்டியது அதுதான் முதல் தடவை.

மழைக்குப் பிறகு எங்கள் லயத்துச் சுவரில் விரிசல் விட்டது. பத்துத் தொழிலாளர் வீடுகள் ஒரே வரிசை. கடைசி வீட்டில் நான் ஒண்டிக்கட்டை. நில அளவைக்காரர் முக்காலியில் நிறுத்தி மட்டம் பார்க்கிற கருவியான லெவலை வைத்துப் பார்த்து, என் வீட்டு மூலை மாதாமாதம் இறங்குகிறது என்றார். யாரும் நம்பவில்லை. லெவலில்தான் கோளாறு இருக்கும், பார்த்துக் கொடு என்று மேனேஜர் அதை என்னிடமே அனுப்பினார். கருவி சரியென்றால் லயத்தைக் காலிசெய்ய வேண்டும்.

அந்த லயத்தை விட்டால் எனக்கு வேறு நாதி கிடையாது. கல்யாணம் கூடிவரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி எனக்குத் தங்கச்சி மாதிரி, தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். மீன்குழம்பு வைத்தால், வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லிச் சுவரைத் தட்டுவாள்; நானும் பதிலுக்குத் தட்டுவேன். எனக்குச் சொந்தபந்தம் எல்லாம் அந்தத் தட்டல்தான். இந்த லட்சணத்தில் தீர்ப்புச் சொல்ல நான்தான் கிடைத்தேனா!

ஃபேக்டரி முற்றத்தில் இரண்டு முளை அடித்தேன். நட்டநடுவில் லெவலை நிறுத்தி, முளைகளின் உயர வித்தியாசத்தைக் குறித்தேன். நடுவில் நிறுத்தினால் கருவியின் பிழை இரண்டு பக்கமும் சமமாகி அடிபட்டுவிடும். பிறகு ஒரு முளையை ஒட்டி நிறுத்திப் பார்த்தேன். கெட்ட கருவியென்றால் இப்போது வித்தியாசம் மாற வேண்டும். மாறவில்லை. லென்ஸைத் துடைத்தேன், முக்காலியை இடம் மாற்றி ஊன்றினேன், மூன்று தடவை பார்த்தேன். அதேதான். சனியனே, ஒரு மில்லிமீட்டராவது தப்பாகக் காட்டித் தொலையேன் என்று வாய்விட்டே திட்டினேன்.

கண் வைத்துப் பார்க்கிற இடத்துக்குக் கீழே சின்ன ஸ்குரூ ஒன்று உண்டு. கால் சுற்றுத் திருப்பினால் உள்ளே குறுக்குக்கோடு நகர்ந்துவிடும். நல்ல லெவல் கெட்ட லெவலாகிவிடும். ஸ்குரூடிரைவரை அதில் வைத்தும்விட்டேன். திருப்பாமலே எடுத்துவிட்டேன். கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் லயம் காலி. சிலர் ஏலப்பாறைக்குப் போனார்கள், சிலர் திருநெல்வேலிக்கே போய்விட்டார்கள். என்னிடம் யாரும் சொல்லிக்கொண்டு போகவில்லை. தங்கச்சி மட்டும் ஜீப்பில் பாத்திரம் பண்டங்களை ஏற்றிவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"தப்பா இருக்குன்னு ஒரு வார்த்த எழுதியிருந்தா என்னண்ணே? இத்தன வருசம் இருந்தோம்லா."

"அந்தச் சுவரு ஓரமாத்தான ஒம் பிள்ளைக படுக்குது, தாயி."

அவள் ஜீப்பில் ஏறினாள்.

இப்போது டவுனில் ஒரு வாடகை அறையில் இருக்கிறேன். மாதம் ஒருமுறை லெவலைத் தூக்கிக்கொண்டு மேலே லயத்துக்குப் போய் அளந்து வருகிறேன். போன மாதம் மூலை இன்னும் இறங்கியிருந்தது. நான் எழுதிக் கொடுத்தது சரிதான். அதைச் சொல்ல, பழக்கதோஷத்தில், அவள் வீட்டுச் சுவரைத் தட்டினேன்.