ஆயம்மா கணக்கு

குண்டூர் பக்கம் ரொம்பிசெர்லாவில் அந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம் திறந்த வருஷமே சாம்ராஜ்யம் அங்கே ஆயாவாகச் சேர்ந்துவிட்டாள். பெயரைக் கேட்டதும் புதிதாய் வருகிற டீச்சர்கள் சிரிப்பார்கள். "எந்த நாட்டுக்கு ராணி?" என்று ஒருத்தியாவது கேட்டுவிடுவாள். "நாலு கக்கூசும் ஒரு மணியும்தாம்மா என் ராஜ்யம்" என்று சொல்லிக்கொண்டே இவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

மணி அடிப்பது, கூட்டுவது, சின்னப் பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவது எல்லாம் பதினோரு வருஷமாகச் செய்துவந்த வேலைகள். மூன்று வருஷத்துக்கு முன்னால் பிரின்சிபாலாக சேஷகிரி சார் வந்தபோது இன்னொரு வேலையும் சேர்ந்தது. விஜயவாடாவில் ஏதோ ஹாஸ்டல் காலேஜில் இருந்துவிட்டு வந்தவர் அவர். பிள்ளைகள் மேல் கை வைக்கமாட்டார். "அடிச்சா கேஸாயிடும்" என்று டீச்சர்களிடமும் சொல்லிவைத்திருந்தார். அடிக்குப் பதில் தோப்புக்கரணம். இல்லாவிட்டால் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு இல்லாத நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். பெல்ட் போடாவிட்டால் முப்பது, தெலுங்கில் பேசினால் ஐம்பது, பிரேயரில் சிரித்தால் நூறு. எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விடுவார். வராந்தாவில் நின்று எண்ணுவது சாம்ராஜ்யத்தின் வேலை.

ஏழாவது வரை படித்தவள், எண்ணத் தெரியாதவள் இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் அவள் வாயில் எண்கள் தாவும். "முப்பத்திரண்டு, முப்பத்திமூணு, நாற்பத்தொண்ணு." நூறு என்றால் உண்மையில் ஐம்பது தாண்டாது. பிள்ளைகள் இதற்கு 'ஆயம்மா கணக்கு' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

போன வருஷம் ஆஷாட மாதம், ஆனி ஆடி வாக்கில், பிரேயரில் எட்டாம் வகுப்புப் பெண்கள் ஆறு பேர் மாட்டினார்கள். ஆஷாடம் வந்தால் ஊரில் மருதாணி வைக்காத பெண் ஏது? அரைத்து வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள், காலையில் உள்ளங்கை பழுத்த மிளகாயாய்ச் சிவந்திருக்கிறது. சேஷகிரி சார் ஆறு பேரையும் மேடையில் ஏற்றிக் கைகளை விரித்துக் காட்டச் சொன்னார்.

"இது ஸ்கூலா, கல்யாண மண்டபமா? நிறம் போற வரைக்கும் தினமும் நூறு."

அன்றைக்கே பெற்றோர்களின் வாட்ஸப் குழுவில் அதைப் போட்டும் விட்டார். மருதாணி வைத்து வந்த மாணவிகளுக்கு, நிறம் போகும்வரை, தினமும் நூறு தோப்புக்கரணம். யார் பெயரும் இல்லை. மத்தியானத்துக்குள் நாற்பது பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள்.

வராந்தாவில் எண்ணிக்கை தொடங்கியபோது லிகிதா என்ற பெண் இவள் கையையே பார்த்தாள். "ஆயம்மா, உங்க விரல்லயும் இருக்கே!"

"நான் ஸ்கூல் பிள்ளையாடி? வாயை மூடிட்டுப் போடு. இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு, முப்பது."

ஆறு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்து எழுந்தார்கள்.

மற்ற பெண்கள் எலுமிச்சம்பழம், சோடா உப்பு, பாத்திரம் தேய்க்கிற பவுடர் என்று எதையெல்லாமோ போட்டுத் தேய்த்து நாலு நாளில் சிவப்பை மங்கவைத்துவிட்டார்கள். லிகிதாவின் தோல்வாகு அப்படி இல்லை, தேய்க்கத் தேய்க்க நிறம் ஊறியது. திங்கட்கிழமை அவள் ஒருத்திதான் மிச்சம். நடுவில் ஒரு ஞாயிறு போனதில் கால்வலி குறைந்திருந்தது, துள்ளிக்கொண்டுதான் வந்தாள்.

"அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது, எண்பது" என்று சாம்ராஜ்யம் சொன்னபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"எழுபதுங்கிற நம்பர் உங்க ஊர்ல கிடையாதா, சாம்ராஜ்யம்?"

சேஷகிரி சார் கோபமாகக்கூட இல்லை, சிரித்துக்கொண்டு நின்றார். "உங்க பொண்ணு ரூத்து பத்தாவதுதானே? இந்த வருஷம் பப்ளிக் பரீட்சை. அவளும் இப்படித்தான் கணக்கு போடுவாளா?"

ரூத்தை அந்தப் பள்ளியில் ஃபீஸ் சலுகையில் சேர்த்துக்கொண்டதே இந்த வேலையால்தான்.

"இத்தனை நாள் ஏமாத்தினதுக்கும் சேர்த்து இன்னைக்கு இருநூறு. நான் ஜன்னல்கிட்ட உட்கார்ந்திருப்பேன். சத்தமா எண்ணுங்க. ஒண்ணுலேருந்து."

அவள் எண்ணினாள். மழை வராத ஆடிப் புழுக்கம். எழுபதையும் சொன்னாள், எழுபத்தொன்றையும் சொன்னாள். நூற்றுப் பத்தில் அந்தப் பெண்ணின் தாளம் தப்பியது. நூற்று நாற்பதில் "தண்ணி, ஆயம்மா" என்றாள். சாம்ராஜ்யம் ஜன்னலைப் பார்த்தாள். அவர் போனை நோண்டிக்கொண்டிருந்தார், ஆனால் இவள் சொல்கிற ஒவ்வொரு எண்ணுக்கும் மேஜையில் விரல் தட்டிக்கொண்டிருந்தது. நூற்று அறுபத்துமூன்றில் லிகிதா முழங்காலில் விழுந்தாள்.

"எந்திரி கண்ணு. இன்னும் முப்பத்தேழுதான்."

அதைச் சொன்னது தன் வாய்தான் என்பதைச் சாம்ராஜ்யத்தால் பிறகு எத்தனை நாளானாலும் விழுங்க முடியவில்லை. அதட்டிக்கூடச் சொல்லவில்லை. சோறு ஊட்டுகிற குரலில் கொஞ்சிச் சொன்னாள். அந்தக் கொஞ்சலை நம்பித்தான் அந்தப் பெண் எழுந்தது, மிச்சம் முப்பத்தேழையும் போட்டு முடித்தது. பிறகு ஒரு பாட்டில் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்குப் போனது.

மறுநாள் லிகிதா வரவில்லை. அதற்கடுத்த நாள் காய்கறிக்காரி வந்து சொன்னாள்: பெண்ணால் படுக்கையைவிட்டு எழவே முடியவில்லை, தொடை வீங்கிப்போச்சு, ஒண்ணுக்குக் கறுப்பு டீ மாதிரி போகுது, குண்டூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போயிருக்காங்க. தசை உடைந்து ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். தோப்புக்கரணத்தில் இப்படியும் ஆகுமா என்று ஊரே வாயில் கைவைத்தது.

அன்று சாயங்காலமே சேஷகிரி சார் சாம்ராஜ்யத்தைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். டைப் அடித்திருந்தது. பிரின்சிபால் இருபது என்று சொன்னார், ஆயா தவறாகப் புரிந்துகொண்டு இருநூறு எண்ணிவிட்டாள்.

"ஒரு ரெண்டு மாசம் வீட்ல இருங்க. அப்புறம் நானே கூப்பிட்டுக்கறேன். ரூத்து படிப்புக்கு ஒரு குறையும் வராது. அடுத்த வாரம் விசாரணைக்கு வருவாங்க, அதுக்குள்ள கையெழுத்து போட்டுக் குடுங்க."

வீட்டில் அந்தக் காகிதம் அரிசி டப்பாவுக்கு அடியில் கிடந்தது. அவள் அதை எடுப்பாள், படிப்பாள், வைப்பாள். முற்றத்தை ஒரே காலையில் மூன்று தடவை கூட்டினாள். பருப்பை அடுப்பில் வைத்துவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பினாள், பருப்பு தீய்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டு முடிவதற்குள் நான்கு முறை வெளியே போய் வந்தாள். பாஸ்டரம்மா, "வயிறு சரியில்லையா?" என்று கேட்டாள்.

அவள் புருஷன் யேசோபு பஸ் ஸ்டாண்டில் பஞ்சர் கடை வைத்திருப்பவன். அவளுக்குச் சொந்த அத்தை மகன், அந்த முறையில் 'பாவா' என்றுதான் கூப்பிடுவாள். "போட்டுத் தொலையேன்" என்றான். "யானை சண்டையில நாம புல்லு. ரெண்டு மாசம் வீட்ல இருந்தா நல்லதுதானே, பருப்பாவது தீயாம இருக்கும்."

"எண்ணினது நான்தானே, பாவா."

"எண்ணச் சொன்னது நீயா?"

"அதைத்தான் இந்தப் பேப்பர்ல மாத்தி எழுதியிருக்கு."

ரூத் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "நீ கையெழுத்து போட்டா நான் அந்த ஸ்கூலுக்கே போறேன். போடலேன்னா வேற ஸ்கூலுக்குப் போறேன். ஆனா பத்தாங்கிளாஸ் மொத்தமும் அன்னைக்கு ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுதான் இருந்தோம். அது உனக்குத் தெரியணும்."

மறுநாள் அவள் குண்டூர் பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரிக்கு எதிரில் கரும்புச்சாறுக் கடையருகே ஒரு மணி நேரம் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் கரும்புச்சாறுக்காரன், "யாரைத் தேடறீங்க, அம்மா?" என்று கேட்டதும் வெட்கப்பட்டு உள்ளே போனாள்.

லிகிதா கையில் ஊசியோடு தூங்கிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை இன்னும் சிவப்பாகவே இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் அம்மா அனசூயா இருந்தாள், வீட்டில் ரவிக்கை தைத்துப் பிழைப்பவள். இவளை வாசலிலேயே பார்த்துவிட்டாள்.

"நீதானே எண்ணினே?"

"நான்தான் எண்ணினேன்."

"கீழ விழுந்தப்புறமும் எண்ணினியா?"

"எண்ணினேன்."

"அப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இங்க வந்தே? அழறதுக்கா? வெளியில போய் அழு. இங்க என் பொண்ணு தூங்கறா."

சாம்ராஜ்யம் அழவில்லை. மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். அனசூயா படித்தாள். படித்துவிட்டு மகளின் போர்வையை நீவிவிட்டாள். பிறகு தன் போனை எடுத்து அந்தப் பழைய வாட்ஸப் செய்தியைக் காட்டினாள். நூறு தோப்புக்கரணம், நிறம் போகும்வரை. அடியில் கட்டைவிரல்கள். நடுவே ஒரு கும்பிடு.

"இந்தக் கும்பிடு யாருதுன்னு பாரு அக்கா. என்னுது." "மருதாணி வெச்சு விட்டதும் நானு. 'என்னை விட்டுட்டாங்கம்மா'ன்னு இவ சொன்னா, நம்பினேன். வேற யாரோ வீட்டுப் பொண்ணுன்னு நெனைச்சு, நல்லா பண்ணுங்க சார்னு கும்பிடு போட்டேன்."

சாம்ராஜ்யம் கிளம்பும்போது அனசூயா சொன்னாள்: "என்கிட்ட சொன்னதை அங்க சொல்லு. ஒரு எண்ணு கூட்டாதே, ஒரு எண்ணு குறைக்காதே."

விசாரணைக்கு வந்த கல்வி அதிகாரியம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுபவர். பிரின்சிபால் அறையில்தான் கேட்டார். சேஷகிரி சார் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வராந்தாவில் இருக்கிற காமிரா ஒரு மாதமாக ரிப்பேர் என்று முதலிலேயே சொல்லிவிட்டிருந்தார்.

"கையெழுத்து இல்லையே?" என்று சாம்ராஜ்யம் நீட்டிய காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார் அதிகாரி.

"இதுல சார் இருபது சொன்னதா எழுதியிருக்கு, மேடம். சார் சொன்னது இருநூறு. எண்ணினது நான். அது சரியா எழுதியிருக்கு."

"வேலைக்காரி பயத்துல உளர்றா, மேடம்" என்றார் சேஷகிரி சார். "தினமும் இருபதுக்கு மேல நான் யாருக்கும் குடுக்கறதில்லை."

அனசூயா கதவோரமாக நின்றிருந்தவள் முன்னால் வந்து போனை மேஜைமேல் வைத்தாள். அதிகாரி படித்தார். விரலால் தள்ளித் தள்ளி அடியில் இருந்ததையெல்லாம் பார்த்தார்.

"இது நீங்க அனுப்பினதுதானே? நூறுன்னு போட்டிருக்கே?"

சேஷகிரி சார் கைக்குட்டையை எடுத்தார். "நாற்பது பேரன்ட்ஸ் நன்றி சொல்லியிருக்காங்க மேடம், அதையும் பாருங்க."

"பாத்தேன்" என்றார் அதிகாரி. பிறகு சாம்ராஜ்யத்தின் பக்கம் திரும்பினார். "நீங்க நிறுத்தியிருக்கலாம். தெரியுமா? உங்க மேலயும் கேஸ் வரும்."

"தெரியும், மேடம்."

வந்தது. அனசூயா கொடுத்த புகாரில் போலீஸ் எழுதிய பட்டியலில் பிரின்சிபால் முதல் எதிரி, ஆயா இரண்டாம் எதிரி, போலீஸ் பாஷையில் ஏ-டூ. அவள் பெயரை எடுத்துவிடச் சொல்லி அனசூயாவே ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டாள். எழுதினது எழுதினதுதான் என்று சொல்லிவிட்டார்கள். யேசோபு பஞ்சர் கடையில் எல்லோரிடமும், "என் பெண்டாட்டி பேரு இப்ப சாம்ராஜ்யம் இல்லப்பா, ஏ-டூ" என்று சொல்லிச் சிரிப்பான். வீட்டுக்கு வந்தால் சிரிக்கமாட்டான்.

வேலை போய்விட்டது. ரூத் ஜில்லா பரிஷத் அரசுப் பள்ளியில் சேர்ந்து பத்தாவது தேறினாள், கணக்கில் மட்டும் கரையேறினது கடைசிப் படியில். லிகிதா ஒன்பது நாளில் வீடு திரும்பினாள். நன்றாகத்தான் நடக்கிறாள், மாடிப்படி ஏறினால் மட்டும் பாதியில் நின்றுவிடுவாள். அவளையும் பரிஷத் பள்ளிக்கே மாற்றிவிட்டார்கள். சேஷகிரி சாரை அதே முதலாளியின் ஓங்கோல் பள்ளிக்கு அனுப்பிவிட்டதாகக் கேள்வி.

சாம்ராஜ்யம் இப்போது மிளகாய்க் கிடங்கில் காம்பு கிள்ளப் போகிறாள். சாயங்காலம் விரலெல்லாம் எரியும். வாய்தா நாள்களில் நரசராவ்பேட்டைக் கோர்ட்டுக்குப் போகவேண்டும். ஊரிலிருந்து அதற்கு ஒரே பஸ்தான், அதனால் புகார் கொடுத்தவளும் இரண்டாம் எதிரியும் ஒரே சீட்டில் போகிறார்கள். அனசூயா புளிசாதம் கொண்டுவருவாள், இவள் கோங்குரா என்கிற புளிச்சக்கீரைத் துவையல்.

"படி ஏறும்போது இன்னும் நிக்கிறாளா?" என்று ஒவ்வொரு தடவையும் சாம்ராஜ்யம் கேட்பாள்.

"போன வாய்தாவுலதானே கேட்டே. தினமும் மாறுமா அது? சாப்பிடு அக்கா."

வக்கீல் அவளிடம் பொறுமையாகச் சொல்லிப் பார்த்துவிட்டார். "பயந்து எண்ணினேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா. அவர் மிரட்டினாரு, பொண்ணு படிப்பைச் சொல்லி மிரட்டினாரு. ஜட்ஜ் விட்டுடுவாரு."

மிரட்டியது நிஜம், பயந்ததும் நிஜம். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டால், விழுந்த பிள்ளையைக் கொஞ்சி எழுப்பியது யார் என்று யாருமே கேட்கமாட்டார்கள். அதைத் தானாகவே சொல்வதா, கேட்டால் மட்டும் சொல்வதா என்று அவளால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. மிளகாயைக் கிள்ளும்போதும் அதையே இப்படியும் அப்படியும் புரட்டிக்கொண்டிருக்கிறாள். அடுத்த வாய்தா கார்த்திகை மாதம் போட்டிருக்கிறார்கள்.